கற்பித்தல் நடைபெறவில்லை

டீச்சரம்மா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர் கீழ்வீட்டுத் தையல்காரர். கேலியாகத்தான் வைத்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மூன்றாவது மாடியில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாள் என்றால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். ஒரு மாதத்துக்குள் அந்தப் பெயர் மாடிப்படி முழுக்க ஏறிவிட்டது. பால் போடுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவளும் மறுக்கவில்லை. செய்கிற வேலையைச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

அந்த வேலையை அவள் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. பெரியவளுக்கு இடது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. வலது காது நன்றாகக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் அவளை வலதுபக்கச் சுவரோரமாக உட்காரவைத்தார்கள். கேட்கிற காது சுவரைப் பார்த்தது, கேட்காத காது வகுப்பைப் பார்த்தது. இடத்தை மாற்றுங்கள் என்று டீச்சரம்மா மூன்று முறை நேரில் போய்ச் சொன்னாள். "நாப்பது பிள்ளைங்களுக்கும் நான் இடம் மாத்திக்கிட்டே இருக்க முடியுமா?" என்று வகுப்பு ஆசிரியை கேட்டார். அரையாண்டு மதிப்பெண் அட்டையில் 'மந்தம்' என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்கு அடுத்த வாரம், கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று பிள்ளையை மத்தியானம் முழுக்க நிற்கவைத்தார்கள். அன்று சாயங்காலமே டீச்சரம்மாவும் புருஷனும் பேசி முடிவெடுத்தார்கள். அவள் கண்ணாடிக்கடையில் பார்த்துவந்த வேலையை விட்டாள். கல்வி அலுவலகத்தில் படிவம் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்ப்பார் என்பது நிபந்தனை. அக்கா போகாத இடத்துக்கு நானும் போகமாட்டேன் என்று சின்னவனும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் நன்றாகவே போனது. பெரியவள் பத்து வயதில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துத் தள்ளினாள். ஆறு வயதுச் சின்னவன் எதைப் பார்த்தாலும் அளந்தான். அப்புறம்தான், யாரும் எதிர்பாராமல், மூன்றாவது வந்தது.

முதல் இரண்டு முறையும் வாந்தி இருந்தது, கால் வீக்கம் இருந்தது, ஆனால் ஓடியாடிக்கொண்டிருந்தாள். இந்த முறை அசதி ஆளையே சாய்த்தது. காலையில் கண்ணைத் திறக்கும்போதே ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவள் மாதிரி உடம்பு கனத்தது. பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள் என்றால் அன்றைய பாதித் தெம்பு தீர்ந்திருக்கும். 'அம்மா' என்று பிள்ளை கூப்பிடும் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். பரிசோதித்த டாக்டர், ரத்தம் மிகக் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்து, முடிந்தபோதெல்லாம் இடதுபக்கமாகப் படுக்கச் சொன்னார்.

முடிந்தபோதெல்லாம் என்றால் எப்போது? ஏழு வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகளாக இருந்தால் ஒன்று இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளும். இங்கே ஒன்றுக்குப் பின்னம், இன்னொன்றுக்கு எழுத்துக்கூட்டல். இரண்டுக்கும் நடுவில் ஒரு அடுப்பு.

ஆனாலும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கூடத்தில் மெத்தையை விரித்து, இடதுபக்கம் சாய்ந்து படுத்தாள். பெரியவள் குப்புறப் படுத்துக்கொண்டு, வலது காது அம்மா பக்கம் இருக்கும்படி இடம் பிடித்தாள். சாக்கட்டி வாசனை குமட்டியதால் கரும்பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. அதற்குப் பதில், புருஷன் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த பழைய வரைபடத் தாள்களைத் திருப்பிப்போட்டு எழுதினார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடத்தின் லிஃப்ட் அவன் கையால்தான் ஓடியது. அவன் குடியிருந்த கட்டடத்துக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. அவனுடைய அளவு நாடாவைச் சின்னவன் கையில் கொடுத்து, "கதவுல ஆரம்பி, ஜன்னல் வரைக்கும் அள, எத்தனைன்னு எழுதிக் கொண்டா" என்று அனுப்பினால் கால் மணி நேரம் கிடைக்கும். அந்தக் கால் மணியில் பெரியவளுக்குப் பின்னம். சின்னவன் திரும்பி வந்ததும் அவன் எழுதிய எண்களைக் கூட்டச்சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாள். மூடிய கண்ணோடே, "ஏழும் எட்டும் பதினாறு இல்லடா" என்பாள்.

நான்காவது மாதம் முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அதிகாரி வந்தார். முன்கூட்டித் தகவல் இல்லை. சின்னவன்தான் கதவைத் திறந்தான். வழக்கமாக வருகிறவர் இல்லை; மடிப்புக் கலையாத உடையும் கையில் கோப்புமாக நடுத்தர வயது அம்மா ஒருவர், புதியவர், நின்றார். டீச்சரம்மா அவசரமாக எழுந்தாள். தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை மாசம்?" என்றார் அதிகாரி.

"நாலு முடியுதுங்க."

"பரவால்ல, படுங்க, படுங்க. நான் பாத்துட்டுப் போயிடுறேன்."

அந்த 'படுங்க' கேட்டதும் டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாளில் அந்த வார்த்தையை டாக்டரைத் தவிர யாரும் அவளிடம் சொன்னதில்லை. நம்பிப் படுத்தாள். அதிகாரி ஜன்னல் பக்கமாகப் போய் நின்று நோட்டுகளைப் புரட்டினார். கோப்பில் எதையோ பார்த்துக்கொண்டே பெரியவளிடம் முணுமுணுப்பாக ஏதோ சொன்னார். சின்னவனின் தலையைத் தட்டிக்கொடுத்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அளப்பதில் மன்னனான சின்னவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்திருந்தான்.

ஒன்பது நாள் கழித்து அறிக்கை வந்தது. அதில் இப்படி இருந்தது: 'பார்வையிட்ட நேரத்தில் கற்பிப்பவர் படுத்த நிலையில் காணப்பட்டார். கற்பித்தல் நடைபெறவில்லை. மூத்த பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் அளிக்கவில்லை. பிள்ளைகள் இருவரையும் முப்பது நாட்களுக்குள் பள்ளியில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது. மறுப்பு இருப்பின் நேரில் தெரிவிக்கலாம்.'

டீச்சரம்மா அதை நின்றபடி ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை படித்தாள். காது மடல் சூடானது. படுங்க என்று சொன்ன அதே வாய், இறங்கிப் போய், படுத்திருந்தாள் என்று எழுதியிருக்கிறது.

சாயங்காலம் புருஷன் வந்தான். கிரீஸ் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். தலையைச் சொறிந்தான்.

"அந்தப் பத்து நிமிஷம் நீ கொஞ்சம் எழுந்து உக்காந்திருக்கலாம்ல?"

அவ்வளவுதான். அதிகாரி மேல் இருந்த கோபம் பாதி இடம் மாறி இவன் மேல் வந்து உட்கார்ந்தது.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல... தப்பா எடுத்துக்காத. பிரசவம் ஆகற வரைக்கும் அனுப்பிப் பாப்போமே. உனக்கும் ஓய்வா இருக்கும். அக்காகூட அதான் சொன்னாங்க."

அக்கா என்றால் டீச்சரம்மாவின் நாத்தனார். வேறொரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை. அறிக்கை இவள் கைக்கு வந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இவள் புருஷனுக்குப் போனில் படித்துக்காட்ட, அவன் அக்காவிடம் யோசனை கேட்க, அக்கா தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. பாடம் நடத்துகிறவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒரு நாள் நீங்க எடுங்க," என்றாள். "ஒரே ஒரு நாள். வயித்துல ஒண்ணும் இல்லாம, ரத்தம் முழுசா வச்சுக்கிட்டு எடுங்க. அப்புறம் யார் எப்ப எழுந்து உக்காரணும்னு பேசலாம்."

அவனும் ரோஷக்காரன்தான். மறுநாள் லீவு போட்டான். காலை எட்டு மணிக்குக் குளித்து, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தான். டீச்சரம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். எட்டரைக்கு அவன் குரல் தெளிவாகக் கேட்டது. ஒன்பதரைக்கு உயர்ந்தது. பத்து மணிக்கு, "இருடா, ஒருத்தர் ஒருத்தரா வாங்கடா," என்று கெஞ்சியது. பதினொன்றுக்குச் சத்தமே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பெரியவள் வந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்.

"அம்மா, அப்பா படுத்த நிலையில் காணப்படுறார்."

டீச்சரம்மா எட்டிப் பார்த்தாள். மெத்தையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். தலையிலிருந்து கால்வரை சின்னவன் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது.

"அந்த லெட்டரை நீ எப்ப படிச்ச?"

"நேத்தே படிச்சிட்டேன். அம்மா, அதுல ஒண்ணு தப்பா இருக்கு. நான் பதில் சொல்லலைன்னு போட்டிருக்கு. அந்த ஆன்ட்டி என்னைக் கேள்வியே கேக்கலையே."

டீச்சரம்மா மகளைப் பார்த்தாள். அன்று ஜன்னல் பக்கம் நின்றார் அந்த அதிகாரி. ஜன்னல் பெரியவளுக்கு இடதுபக்கம். குனிந்து கோப்பைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். பிள்ளைக்குக் கேள்வி கேட்கப்பட்டதே தெரியாது.

"கேட்டாங்களா?" என்று பெரியவள் மறுபடி கேட்டாள். "எப்ப?"

அந்த 'எப்ப'வுக்கு அப்புறம் டீச்சரம்மாவுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. அசதி அசதிதான். ஆனால் அதே சுவரோரத்துக்குப் பிள்ளையைத் திரும்ப அனுப்புவதற்கு அந்த அசதியையே காரணமாக எழுதியிருக்கிறார்கள். இதை விட்டுக்கொடுத்தால் தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது என்று நினைத்தாள். புருஷன் எழுந்ததும், "திங்கக்கிழமை அலுவலகம் போறோம். நாலு பேரும்," என்றாள். கன்னத்தில் மெத்தை வரி பதிந்திருந்த அவன், அன்றைக்கும் லீவு சொல்லப் போனை எடுத்தான். வெட்கமாக இருந்திருக்கும்.

கல்வி அலுவலகம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. புருஷன் பழக்கதோஷத்தில் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"பெரிய விஷயம் இல்ல. கதவு பூட்டுதான். பத்து நிமிஷம்..."

"ஒண்ணும் வேணாம். நடங்க," என்றாள் டீச்சரம்மா. இவர்களுக்கு ஒரு நன்மை செய்யும் மனநிலையில் அவள் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சு வாங்கி, மேலே போய்ச் சேர்ந்தாள். காத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு பெஞ்சு. அதன் மேல் பழைய கோப்புகளைக் கட்டி அடுக்கியிருந்தார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதிரே இருந்த எழுத்தர், "அம்மா, அது ஆபீஸ் ஃபைலும்மா," என்றார். "நானும் ஆபீஸ் வேலையாத்தான் வந்திருக்கேன்," என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் தலைமை அதிகாரி, நரைத்த தலை, இதமான குரல். பக்கத்தில் அறிக்கை எழுதிய அந்த அம்மா.

தலைமை அதிகாரி டீச்சரம்மாவைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, அவள் புருஷனைப் பார்த்துப் பேசினார். "இதுல கோபப்பட ஒண்ணும் இல்ல சார். உங்க வீட்டம்மா நல்லதுக்குத்தான் சொல்றோம். இந்த நேரத்துல அவங்களுக்கு ஓய்வு வேணும். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

டீச்சரம்மா புருஷன் பக்கம் திரும்பவில்லை. இவன் இப்போது தலையாட்டினால் என்ன செய்வது என்று மட்டும் நினைத்தாள்.

அவன் தொண்டையைச் செருமினான். "பாடம் எடுக்கறது அவங்க சார். நான் ஒரு நாள் எடுத்தேன், பதினோரு மணிக்கெல்லாம் தூங்கிட்டேன். அவங்ககிட்டயே பேசுங்க."

தலைமை அதிகாரி கொஞ்சம் தடுமாறி நாற்காலியைத் திருப்பினார்.

"ஓய்வு வேணும்னா நானே கேட்டு வாங்கிக்குவேங்க," என்றாள் டீச்சரம்மா. "நீங்க எழுதினது ஓய்வைப் பத்தி இல்ல. பாடம் நடக்கலைன்னு எழுதியிருக்கீங்க. நடந்துச்சா இல்லையான்னு இப்பவே பாத்துடலாம். பிள்ளைங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க. கேளுங்க. ஆனா வலதுபக்கம் வந்து கேளுங்க."

"வலதுபக்கமா, எதுக்கு?" என்றார் தலைமை அதிகாரி.

பதில் பெரியவளிடமிருந்து வந்தது. "எனக்கு இந்தக் காது கேக்காது. ஆன்ட்டி அன்னைக்கு இந்தப் பக்கம் நின்னாங்க. ஃபாரத்துல எழுதியிருக்கு. அம்மா எழுதும்போது நான் பாத்தேன்."

தலைமை அதிகாரி கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே இருந்தது. அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள் டீச்சரம்மா. அவர் அந்தப் பக்கத்தை மெதுவாகத் திருப்பி அறிக்கை எழுதியவர் முன்னால் வைத்தார். அந்த அம்மா படித்தார்.

பிறகு கேள்விகள் கேட்டார்கள். முக்காலில் பாதி எவ்வளவு என்றார்கள். மூன்றில் எட்டு என்று ஆரம்பித்துவிட்டு, "இல்ல, எட்டில் மூணு," என்று பெரியவள் தானே திருத்திக்கொண்டாள். ஒரு பத்தி படிக்கச்சொன்னார்கள், படித்தாள். அதில் ஒரு எழுத்துப்பிழை இருப்பதையும் காட்டினாள். சின்னவனிடம் என்ன தெரியும் என்று கேட்டார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்து மேஜையை அளந்து, நீளத்தையும் அகலத்தையும் சொல்லி, சுற்றளவைக் கூட்டத் தொடங்கினான். இடையில் ஒரு முறை தப்பாகக் கூட்டினான். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அறிக்கை எழுதிய அம்மா இப்போது பேசினார். "நானும் ரெண்டு பெத்தவதாம்மா. பிரசவத்துக்கு முதல் நாள் வரைக்கும் வேலைக்கு வந்தேன்."

"வந்து நின்னுக்கிட்டா வேலை பாத்தீங்க?"

"உக்காந்துதான்."

"அப்ப உங்க மேலதிகாரி, 'உட்கார்ந்த நிலையில் காணப்பட்டார், பணி நடைபெறவில்லை'ன்னு எழுதினாரா?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எழுத்தர் சட்டென்று தன் இடத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டாவதுக்கு ரொம்ப முடியாமத்தான் இருந்தேன். யாரும் என்னைப் படுன்னு சொல்லல."

டீச்சரம்மாவுக்கு ஒரு கணம் அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததை அவள் மறைக்கவில்லை. ஆனால் கோபத்தை விடவும் இல்லை. "சொல்லியிருக்கணும்ங்க. உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். அதுக்கு என் பொண்ணை ஏன் மறுபடி சுவரோரம் உக்கார வைக்கறீங்க? என்னையும் படுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்," என்றார் அவர்.

பள்ளியில் சேர்க்கும் பரிந்துரை அன்றே ரத்தானது. எழுதிய அறிக்கையை அடிக்கும் வழக்கம் இல்லையாம். கீழே ஒரு குறிப்புச் சேர்ப்போம் என்றார்கள். சேர்ப்பதைத் தன் கண் முன்னால் சேர்க்க வேண்டும் என்று டீச்சரம்மா உட்கார்ந்துவிட்டாள். மருத்துவ ஆலோசனைப்படி படுத்தபடியே கற்பித்தார் என்று தட்டச்சு ஆகி, கையெழுத்து விழுந்து, நகல் கைக்கு வந்த பிறகுதான் எழுந்தாள். வெளியே வரும்போது, லிஃப்டைப் பார்த்துக் கொடுக்க முடியுமா என்று எழுத்தர் அவள் புருஷனிடம் கேட்டார். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். அவனும் பின்னாலேயே இறங்கினான்.

அன்றிலிருந்து காலை ஆறரையிலிருந்து எட்டுவரை கணக்கு அவன் பொறுப்பு. எட்டுக்கு வேலைக்குக் கிளம்புவான். தூங்கிவிழாமல் இருக்க நின்றுகொண்டே சொல்லிக்கொடுப்பான். இதைக் கேள்விப்பட்ட தையல்காரர் படியில் டீச்சரம்மாவை நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். பிள்ளைங்களுக்குப் பாடமெல்லாம் எடுக்கறாரே," என்றார். இரண்டு வருடமாக அவள் எடுத்ததற்குக் கிடைத்தது ஒரு கேலிப்பெயர். அவன் ஒன்றரை மணி நேரம் எடுத்ததும் தங்கமாகிவிட்டான். "உங்க மிஷினுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போடுங்க, மாடி ஏறும்போது எனக்கு உக்கார இடம் வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். அவர் மறுநாளே போட்டார்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து உறுதிக் கடிதம் வந்தது. பிள்ளைகளின் வீட்டுக்கல்வி தொடர அனுமதி. 'தங்கள் பிள்ளைகளின் கல்வியில் தாங்கள் காட்டும் அக்கறைக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி.' மேலே முகவரி இருந்த இடத்தில் புருஷன் பெயர். அவள் பெயர் கடிதத்தில் எங்குமே இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றாள் பெரியவள்.

"உங்கப்பாவுக்கு நன்றி சொல்லியிருக்காங்க."

"எதுக்கு?"

"அதைத்தான் எழுதிக் கேக்கப்போறேன்."

பேனாவும் தாளும் எடுத்துவரச் சொன்னாள். வருவதற்குள் கண் சொருகியது. சரி, அலுவலகம் எங்கும் ஓடிவிடாது. பெரியவளைப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு இடதுபக்கம் திரும்பி முக்கால் மணி நேரம் தூங்கினாள். எழுந்து முகம் கழுவி, முதல் வரியிலேயே தன் முழுப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே 'ஆசிரியை' என்று போட்டுக் கடிதத்தை ஆரம்பித்தாள்.